வீட்டு பிரெட்டுக்குச் சர்க்கரை அவசியமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சுட்ட பிரெட்டில் நாலு துண்டு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், தட்டு திரும்பி வரும்போது கூடவே ஒரு கேள்வியும் வரும்: "இதுக்கு எவ்வளவு சர்க்கரை போட்டீங்க?" போடவே இல்லை என்றால் யாரும் லேசில் நம்புவதில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த பிறகுதான் நான் சர்க்கரை இல்லாமல் சுட ஆரம்பித்தேன். அன்றிலிருந்து உறவினர், அக்கம்பக்கத்தினர், அலுவலகத் தோழிகள் என்று பலரும் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் சொல்லும் நேரக் கணக்கெல்லாம் சென்னைச் சமையலறைக்கானது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

சர்க்கரை போடாம பிரெட் வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

வரும்.

உலகத்தில் மிகவும் பேசப்படும் பிரெட்டான பிரான்ஸின் பகெட்டில் சர்க்கரை கிடையாது. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, அவ்வளவுதான். 1993 செப்டம்பரில் அந்த நாட்டு அரசு ஓர் ஆணையே போட்டது. 'பிரெஞ்சுப் பாரம்பரிய பிரெட்' என்ற பெயரில் விற்பதென்றால் இந்த நாலு பொருளில் செய்ய வேண்டும். மிகச் சிறிய அளவில் பயறு மாவு, சோயா மாவு, முளைகட்டிய தானிய மாவு சேர்க்கலாம். சர்க்கரைக்கு அதில் இடமில்லை.

ஈஸ்ட்டுக்குச் சாப்பாடே சர்க்கரைதானே? அது இல்லாட்டி எதைத் தின்னு மாவு உப்பும்?

இட்லி மாவை நினைத்துப் பாருங்கள். அரிசி, உளுந்து, உப்பு போட்டுக் கரைத்து வைக்கிறோம், காலையில் பாத்திரத்தை விட்டு வழிகிறது. அதில் யாரும் சர்க்கரை போடுவதில்லை. அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் வேறு, ஆனால் அடிப்படை ஒன்றுதான்: தங்களுக்கு வேண்டியதை மாவிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன.

கோதுமை மாவில் இயற்கையாகவே ஒன்று முதல் இரண்டு சதவீதம் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் முதலில் அதைத்தான் தின்கிறது. அது தீர்வதற்குள் அடுத்த பந்தி தயாராகிவிடும். மாவில் தண்ணீர் பட்டதும் அதற்குள் தூங்கிக்கொண்டிருந்த அமைலேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு, மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றத் தொடங்குகிறது. அரைக்கும்போது நசுங்கிய மாவுத் துகள்கள் இதற்குச் சுலபமாக மசிந்து கொடுக்கும். ஆக, மாவு பிசைந்த பாத்திரத்துக்குள்ளேயே சர்க்கரை ஊறிக்கொண்டிருக்கிறது.

இதை நானே கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிப் பாட்டில் எடுத்துக்கொண்டேன். ஒன்றில் சாதாரண மாவு, இன்னொன்றில் ஒரு ஸ்பூன் சர்க்கரை சேர்த்த மாவு. இரண்டு மடங்கு உயரம் எதுவோ அங்கே ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். அரை மணி நேரத்தில் சர்க்கரைப் பாட்டில் ஒரு விரற்கடை முன்னால் போய்விட்டது. முக்கால் மணியில் அது ரப்பர் பேண்டைத் தொட்டது. சர்க்கரை இல்லாத பாட்டில் அதே இடத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. உயரத்தில் கடைசியில் எந்த வித்தியாசமும் இல்லை. அந்த இருபது, இருபத்தைந்து நிமிஷம்தான் சர்க்கரையால் கிடைத்த லாபம்.

அப்போ எல்லா செய்முறையிலயும் ஏன் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை இருக்கு?

எழும்புவதற்கு என்று நினைத்துப் போடுகிறோம். ஆனால் அது உண்மையில் உதவுவது மற்ற விஷயங்களில். மேல்தோல் சீக்கிரம் சிவக்கும். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உள்ளே மெத்தென்று இருக்கும், ஒருநாள் கூடத் தாங்கும். அப்புறம், நமக்குப் பழகிய ருசி. கடை பிரெட்டிலேயே வளர்ந்த நாக்குக்கு, இனிப்பே இல்லாத பிரெட் முதல் வாயில் என்னவோ குறைகிற மாதிரி இருக்கும். இரண்டாவது வாரம் அந்தக் குறை தெரியாது. மூன்றாவது வாரம் கடை பிரெட் தித்திக்க ஆரம்பித்துவிடும்.

இந்த நிறத்துக்கும் மென்மைக்கும் வேறு வழிகள் உண்டு. கீழே வருகிறேன்.

வெதுவெதுப்பான தண்ணில ஈஸ்ட்டும் சர்க்கரையும் போட்டு நுரைக்க விடணுமே? சர்க்கரை இல்லாம அதை எப்படிச் செய்றது?

உங்கள் கையில் இருப்பது எந்த ஈஸ்ட் என்று முதலில் பாருங்கள். பொடியாக, மெல்லிய ரவை மாதிரி இருந்தால் அது இன்ஸ்டன்ட் ஈஸ்ட். அதை ஊற வைக்கவே வேண்டாம், நேராக மாவில் கலந்து பிசையலாம். கொஞ்சம் பெரிய உருண்டைகளாக, கடுகு போல இருந்தால் ஆக்டிவ் டிரை ஈஸ்ட். அதைத்தான் 40 டிகிரி செல்சியஸ் அளவு சூடான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊற வைக்க வேண்டும். ஊறுவதற்குத் தேவை தண்ணீரும் இளஞ்சூடும்தான். குழந்தையைக் குளிப்பாட்டக் கலக்கும் வெந்நீர் பதம் சரியாக இருக்கும்.

சர்க்கரை அங்கே போடுவது, ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று நுரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள. அதே சோதனையை ஒரு ஸ்பூன் மைதாவை வைத்தும் செய்யலாம். தண்ணீரில் ஈஸ்ட், ஒரு ஸ்பூன் மைதா போட்டுக் கலக்கி மூடி வையுங்கள். பொங்கும் நுரை வராது. ஆனால் கால் மணி, இருபது நிமிஷத்தில் மேலே சின்னச் சின்னக் குமிழ்கள் எட்டிப் பார்க்கும், மூடியைத் திறந்தால் ஈஸ்ட் வாசனை முகத்தில் அடிக்கும். அது போதும்.

சர்க்கரை போடாம ஒரு தடவை செஞ்சேன், மாவு எழும்பவே இல்ல. இதுக்கு என்ன சொல்றீங்க?

அனேகமாக ஈஸ்ட் செத்துப்போயிருக்கும். இந்தக் கேள்வியைக் கேட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் வீட்டில் இதுதான் கதை. ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்து, கிளிப் போட்டு, அடுப்புப் பக்கத்து அலமாரியில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது தாங்காது. பிரித்த அன்றே காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். நேராக அங்கிருந்து எடுத்தே பயன்படுத்தலாம்.

இரண்டாவது காரணம், தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருப்பீர்கள். 60 டிகிரியில் ஈஸ்ட் பிழைக்காது. மூன்றாவது அவசரம். மேலே சொன்ன அந்த இருபத்தைந்து நிமிஷத்தைக் கொடுக்காமல், செய்முறையில் 'முக்கால் மணி' என்று எழுதியிருக்கிறதே என்று பேக்கிங் அவனில் ஏற்றியிருப்பீர்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். இரண்டு மடங்கானதும் மாவு தொட்ட விரலில் ஒட்டாது. மாவு தடவிய விரலால் குத்தினால் குழி மெதுவாகப் பாதி திரும்பி நிற்கும்.

சரி, சர்க்கரையே இல்லாத ஓர் அளவு சொல்லுங்க. நாளைக்கே செஞ்சு பாக்குறேன்.

மைதா 500 கிராம், தண்ணீர் 320 மில்லி, உப்பு 9 கிராம் (ஒன்றரை டீஸ்பூன்), இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன், எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன். எண்ணெய் கடலை எண்ணெயாகவே இருக்கலாம், வாசனை நன்றாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் கலந்து இருபது நிமிஷம் சும்மா மூடி வையுங்கள், பிசைகிற வேலை பாதி குறையும். பிறகு பத்து நிமிஷம் பிசைந்தால் பரோட்டா மாவு போல இழுபட வேண்டும்.

மூடி வைத்து ஒன்றேகால் மணி நேரம். காற்றை மெல்ல அமுக்கி எடுத்து, பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, எண்ணெய் தடவிய 9 அங்குல டின்னில் வைத்து, மறுபடி முக்கால் மணி நேரம். மாவு டின் விளிம்புக்கு ஒரு விரல் மேலே வந்ததும் 220 டிகிரியில் கால் மணி, அப்புறம் 200க்குக் குறைத்து இருபது நிமிஷம். வெளியே எடுத்து அடியில் விரலால் தட்டினால் காலிப் பானையைத் தட்டுகிற சத்தம் வர வேண்டும். 'டொப்' என்று கனமாகக் கேட்டால் இன்னும் ஐந்து நிமிஷம் உள்ளே வையுங்கள். ஆறுவதற்குள் அறுக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் வீட்டில் யாரும் கேட்பதில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியது என் கடமை. சூட்டோடு அறுத்தால் உள்ளே பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும், நல்ல பிரெட்டை வேகவில்லை என்று குறை சொல்வீர்கள்.

நல்லா எழும்புச்சு, ஆனா மேல வெள்ளையா, நோயாளி மாதிரி இருக்கு. சர்க்கரை போட்டிருந்தா சிவந்திருக்கும்தானே?

சிவந்திருக்கும். மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகி, வாசனையும் கொடுக்கும். 1912இல் இதை முதலில் விளக்கியவர் மையார் என்ற பிரெஞ்சுக்காரர், அதனால் அவர் பெயராலேயே 'மையார் வினை' என்கிறார்கள். வெங்காயம் வதங்கும்போதும், தோசை முறுகும்போதும் நடப்பது இதுவேதான். சர்க்கரை கூடுதலாக இருந்தால் குறைந்த சூட்டிலேயே நிறம் வந்துவிடும். இல்லாவிட்டால் சூடு கூட வேண்டும்.

பெரும்பாலான செய்முறைகளில் இருக்கும் 180 டிகிரி, சர்க்கரை போட்ட பிரெட்டுக்கான சூடு. அதே 180இல் சர்க்கரை இல்லாத மாவை வைத்தால் வெந்துவிடும், சிவக்காது. நிறம் வரட்டும் என்று இன்னும் இருபது நிமிஷம் விட்டால் உள்ளே ரஸ்க் மாதிரி காய்ந்துபோகும். மேலே சொன்ன 220 டிகிரி இதற்காகத்தான். ஓடிஜியில் (வீட்டுக்கான சின்ன மின் அவன்) மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிய வேண்டும். உள்ளே வைப்பதற்கு முன் கால் மணி நேரமாவது முன்சூடு செய்யுங்கள். சின்ன ஓடிஜிகள் விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டதாகக் காட்டும். கதவைத் திறந்த உடனே அந்தச் சூடு இறங்கிவிடும், அதனால் இன்னும் ஐந்து நிமிஷம் சேர்த்துக்கொள்வது நல்லது.

பாணுக்குச் சீனி போடாட்டி, பால் பூசினால் காணுமோ?

இதைக் கேட்டது யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியின் அம்மா. அங்கே பாண் என்றால் பிரெட், காணும் என்றால் போதும். காணும், நன்றாகவே காணும். பாலில் இருக்கும் லாக்டோஸும் சர்க்கரைதான், ஆனால் பிரெட் ஈஸ்ட்டால் அதைச் செரிக்க முடியாது. அதனால் ஈஸ்ட் தொடாமல் விட்டுவிட, அது கடைசிவரை அப்படியே இருந்து அவனில் நிறம் கொடுக்கும். மேலே பூசுவதோடு, பிசையும் தண்ணீரில் பாதியைப் பாலாக மாற்றினால் நிறமும் மென்மையும் இரண்டும் வரும். நாம் எப்படியும் பாலைக் காய்ச்சித்தான் வைப்போம், அது இதற்கு இன்னும் நல்லது. பச்சைப் பால் மாவைக் கொஞ்சம் தளர்த்திவிடும்.

அந்த அம்மாவிடம் பேசும்போதுதான் எனக்கு இன்னொன்று பிடிபட்டது. இலங்கையில் பாண் என்றால் சம்பலும் பருப்பும் தொட்டுக்கொள்ள, சோற்றுக்குப் பதிலாக. இனிப்பு வேண்டுமானால் அதற்கென்று பனிஸ் தனியாக இருக்கிறது, முதலை வடிவத்தில் மேலே சீனி தூவிய கிம்புலா பனிஸ் உட்பட. பாண் என்ற சொல்லே போர்த்துகீசியரின் 'பாவோ'விலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் பிரெட் காய்ச்சல்காரனுக்கும், டீயில் தொட்டுக்கொள்ளவும் என்று வந்து சேர்ந்ததால், அது தித்திக்கத்தான் வேண்டும் என்று பழகிவிட்டோம் என்பது என் எண்ணம்.

எங்க வீட்ல அவன் கிடையாது. கடாயில மணல் போட்டுச் சுடுறேன். மேல சிவக்கவே மாட்டேங்குது.

கடாயிலும் குக்கரிலும் சூடு அடியிலிருந்து மட்டும்தான் வருகிறது. மேலே இருப்பது ஆவி. சர்க்கரை போட்டாலும் அங்கே பெரிய நிறம் வராது, அதனால் சர்க்கரையைக் கூட்டிப் பயனில்லை. முழுவதும் வெந்த பிறகு டின்னிலிருந்து எடுத்து, நெய் தடவிய தோசைக்கல்லில் தலைகீழாக வைத்து, மிதமான தீயில் நாலைந்து நிமிஷம் விடுங்கள். சிவந்துவிடும். பன்னாகத் தட்டி நேராகத் தோசைக்கல்லில் மூடிபோட்டு, இரண்டு பக்கமும் திருப்பிச் சுட்டால் இன்னும் சுலபம்.

சர்க்கரை இல்லாத பிரெட் மறுநாளே கட்டை மாதிரி ஆயிடுது. என்ன பண்ணலாம்?

முதலில், ஃப்ரிட்ஜில் வைக்கிறீர்களா? அங்கேதான் பிரெட் மிக வேகமாக இறுகும். வெந்து இளகிய மாவுச்சத்து மறுபடி கட்டிப்படுவதுதான் இந்த இறுக்கம், ஃப்ரிட்ஜின் குளிர் அதற்கு ரொம்பவும் தோதானது. அன்றைக்கும் மறுநாளைக்கும் வேண்டியதை டப்பாவில் வெளியே வையுங்கள். மீதியைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது நேராக டோஸ்ட் போடுங்கள். மழைக்காலத்தில் இரண்டாம் நாளே பூஞ்சை பிடிக்கப் பார்க்கும், அப்போது எல்லாவற்றையும் அன்றே ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுவது நல்லது.

மாவிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. 500 கிராம் மைதாவில் 25 கிராமைத் தனியாக எடுத்து, 125 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிளறுங்கள். கேழ்வரகுக் கூழ் பதத்துக்குத் திரண்டதும் இறக்கி ஆற வைத்து, மீதி மாவோடு சேர்த்துப் பிசையுங்கள் (மொத்தத் தண்ணீர் அளவில் இந்த 125ஐக் கழித்துக்கொள்ள வேண்டும்). கிழக்காசியாவில் டாங்ஜோங் என்ற பெயரில் பால் பிரெட்டுக்கு இதைச் செய்கிறார்கள். சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று சொன்னேனே, அந்த வேலையை இந்தக் கூழ் செய்துவிடும். மூன்றாம் நாள்கூட அமுக்கினால் பஞ்சு போலத் திரும்பி வரும்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலா வெல்லம், கருப்பட்டி, தேன் போட்டா நல்லதா?

ஈஸ்ட்டைக் கேட்டால் எல்லாம் ஒன்றுதான். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி இருப்பது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ். ஈஸ்ட் அதை உடைத்துத் தின்றுவிடும். தேனில் அது ஏற்கெனவே உடைந்த நிலையில் இருக்கிறது. ருசியும் நிறமும் மாறும் என்பது உண்மை, கருப்பட்டி போட்ட கோதுமை பிரெட்டின் வாசனைக்கு நான் அடிமை. ஆனால் சர்க்கரை நோய்க்கு இது மாற்று என்று நினைத்துப் போடாதீர்கள்.

வெல்லத்தையும் கருப்பட்டியையும் தண்ணீரில் கரைத்து வடிகட்டியே சேருங்கள், மண் கடிபடும். தேன் சேர்த்த பிரெட்டை ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நச்சுக் கிருமியின் வித்துகள் பிரெட் வேகும் சூட்டில் அழிவதில்லை.

ஸ்டீவியா, சுக்ரலோஸ் மாதிரி போட்டா?

ஈஸ்ட்டுக்கு அவை உணவாகாது, மேல்தோலும் சிவக்காது. இனிப்பு மட்டும் இருக்கும். இனிப்பு வேண்டும் என்று தோன்றினால் போடுங்கள், வேறு எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கு. சர்க்கரை போடாத பிரெட்னா இஷ்டத்துக்குச் சாப்பிடலாமா?

கூடாது. இதைச் சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அப்பாவும் இப்படித்தான் கேட்டார். கணக்கைப் பாருங்கள். 500 கிராம் மைதாவில் சுமார் 375 கிராம் மாவுச்சத்து. இரண்டு டீஸ்பூன் சர்க்கரை எட்டு கிராம்தான். பிரெட்டைப் பதினாறு துண்டு போட்டால், துண்டுக்குச் சர்க்கரை அரை கிராம், மாவுச்சத்து 23 கிராம். அந்த அரை கிராமை எடுத்துவிட்டதால் ரத்தச் சர்க்கரையில் பெரிய மாற்றம் வராது.

ஓர் உணவு ரத்தத்தில் எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதற்கு கிளைசீமிக் குறியீடு என்று ஓர் அளவு உண்டு. குளுக்கோஸுக்கு 100 என்று வைத்தால், வெள்ளை பிரெட் 75 பக்கம், நாம் பயப்படும் வெள்ளைச் சர்க்கரை 65 பக்கம். ஆகவே முக்கியம் எத்தனை துண்டு என்பதும், கூட என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதும்தான். அப்பாவுக்கு இரண்டு துண்டு, அதோடு முட்டை அல்லது சுண்டல் என்று வைத்துக்கொண்டோம். உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முழு கோதுமை மாவுல செஞ்சா சர்க்கரை வேணுமா?

மைதாவை விடக் குறைவாகவே வேண்டும். நம் மில்லில் கல்லில் அரைக்கும் கோதுமை மாவில் நசுங்கிய துகள்கள் அதிகம், அதனால் மாவிலேயே நிறைய மால்டோஸ் ஊறும். சப்பாத்தியை மென்றுகொண்டே இருந்தால் தித்திக்கிறதே, அதில் நம் எச்சிலுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்த மாவுக்கும் உண்டு. தண்ணீரும் கூட இழுக்கும். 500 கிராமுக்கு 320 மில்லி போதாது, 370, 380 வரை போகும். சிலர் தவிட்டின் லேசான கசப்பை மறைக்கச் சர்க்கரை போடுகிறார்கள். அது ருசிக்காக மட்டுமே.

இனிப்பு பன் செய்றேன். சர்க்கரையைக் கூட்டினா இன்னும் சீக்கிரம் எழும்பணும்ல? உல்டாவா ரொம்ப நேரம் ஆகுதே?

ஆகத்தான் செய்யும். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் விடுகிறதல்லவா? சர்க்கரையும் அதையேதான் செய்கிறது. அளவு மீறினால் ஈஸ்ட்டின் உடம்பிலிருந்தே தண்ணீரை உறிஞ்சி எடுக்கும், ஈஸ்ட் சோர்ந்துவிடும். மாவின் எடையில் ஐந்து சதவீதம் வரை (500 கிராமுக்கு 25 கிராம்) சர்க்கரை வேகத்தைக் கூட்டும். பத்து சதவீதத்தைத் தாண்டினால் வேகம் குறையும்.

இனிப்பு பன்னுக்கு 15 முதல் 20 சதவீதம் கூடப் போடுவார்கள். அதற்கு ஈஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டி, நேரத்தையும் கூட்டிக் கொடுக்க வேண்டும். இனிப்பு மாவுக்கென்றே தாங்கும் சக்தியுள்ள ஈஸ்ட் தனியாகவும் கிடைக்கிறது. நான் அடிக்கடி செய்வது இதுதான்: முதல் முறை எழும்பும் வரை பாதிச் சர்க்கரை மட்டும், மீதி தேங்காய்ப் பூரணமாக உள்ளே. தேங்காய் பன்னுக்கு இது ரொம்பப் பொருத்தம்.

எவ்வளவு சர்க்கரை வரைக்கும் அது பிரெட்? எப்போ கேக் ஆகுது?

இந்தக் கேள்வி ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. அயர்லாந்தில் பிரெட் அத்தியாவசிய உணவு, அதற்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது. ஆனால் அந்தச் சலுகை கிடைக்க, சர்க்கரை மாவின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அங்கே 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. சப்வே கடை ஒன்றை நடத்தும் நிறுவனம் சலுகை கேட்டு வழக்காடியது. அந்த சாண்ட்விச் பிரெட்டில் சர்க்கரை 10 சதவீதம் என்பதால், வரிச் சட்டத்தின் கண்ணில் அது அத்தியாவசிய பிரெட் ஆகாது என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வீட்டுக்கு இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 500 கிராம் மாவுக்கு 2 சதவீதம் என்றால் 10 கிராம், அதாவது இரண்டரை டீஸ்பூன். சாம்பாருக்கும் குருமாவுக்கும் தொட்டுக்கொள்கிற பிரெட்டில் அதற்கு மேல் போட்டால் நாக்குக்கு உறுத்தும்.

கடையில 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை'ன்னு போட்ட பிரெட் வாங்கலாமா?

பின்பக்கம் திருப்பி, பொருள் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். டெக்ஸ்ட்ரோஸ், இன்வெர்ட் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், லிக்விட் குளுக்கோஸ் எல்லாம் சர்க்கரையின் வேறு பெயர்கள். பழுப்பு நிறத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம், கேரமல் நிறமியாக இருக்கலாம். முழு கோதுமை மாவு பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

ராத்திரி பிசைஞ்சு வெச்சு காலைல சுட்டேன். சூடு 220தான் வெச்சேன், அப்பவும் வெள்ளையாவே வந்துச்சு. ஏன்?

வெளியிலேயே வைத்தீர்களா? அப்படியானால் ஈஸ்ட் விடிவதற்குள் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டது. இரண்டாவது பதிலில் சொன்ன மாவின் சொந்தச் சர்க்கரைதான் மேல்தோலுக்கும் நிறம் கொடுக்க வேண்டும். சென்னை இரவில் எட்டு மணி நேரம் வெளியே கிடந்தால் அதில் மிச்சம் எதுவும் இருக்காது. மூடியைத் திறந்ததும் புளித்த, சாராய வாடை அடித்திருக்கும். மாவு நடுவில் அமுங்கி, கையில் எடுத்தால் இழுபடாமல் பிய்ந்திருக்கும். சரிதானே?

ஈஸ்ட்டை அரை டீஸ்பூனாகக் குறைத்து, குளிர்ந்த தண்ணீரில் பிசைந்து, நேராக ஃப்ரிட்ஜில் வையுங்கள். அந்தக் குளிரில் ஈஸ்ட் நிதானமாகிவிடும், நொதிகள் மெதுவாகத் தங்கள் வேலையைப் பார்க்கும். காலையில் ருசியும் நிறமும் இரண்டுமே கூடியிருக்கும். சர்க்கரை இல்லாத பிரெட்டை இப்படிச் சுட்டால்தான் அதன் முழு ருசி தெரியும் என்பேன். லேசான இனிப்பு, கொஞ்சம் கொட்டை வறுத்த வாசனை, எல்லாம் மாவிலிருந்தே வரும்.

நம்ம ஊர் மைதாவுல அந்த நொதி கம்மின்னு ஒருத்தர் சொன்னார். நிஜமா?

நிஜம்தான். நம் கோதுமை பெரும்பாலும் நல்ல வெயிலில், காய்ந்த பிறகு அறுவடையாகிறது. கதிரிலேயே முளைவிடும் ஈரம் இருந்தால்தான் ஒருவகை அமைலேஸ் பெருகும். அமெரிக்க மாவுகள் பலவற்றில் முளைகட்டிய பார்லி மாவை மில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். அவர்கள் செய்முறையை அப்படியே பின்பற்றியும் நமக்கு நிறம் குறைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோதுமையை ஊற வைத்து, முளைகட்டி, குருத்து லேசாக எட்டிப் பார்த்ததும் மொட்டைமாடி வெயிலில் காய வைத்து மிக்ஸியில் பொடி செய்துகொள்ளுங்கள். வாணலியில் வறுக்காதீர்கள், சூட்டில் நொதி போய்விடும். 500 கிராம் மைதாவுக்கு அரை டீஸ்பூன் போதும். ஆசையில் இரண்டு ஸ்பூன் போட்ட அன்று எனக்கு உள்பகுதி அல்வா மாதிரி கத்தியில் ஒட்டியது.

ஈஸ்ட்டும் வேணாம், சர்க்கரையும் வேணாம்னா முடியுமா? அந்தக் காலத்துல கள் ஊத்தி ஆப்பம் சுட்டாங்களே?

முடியும். கள்ளில் காட்டு ஈஸ்ட் நிறைந்திருக்கிறது, கோவாவில் பிரெட்டே கள் ஊற்றித்தான் புளிக்க வைத்தார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் அந்த வழி நமக்கு இல்லை. அதற்குப் பதில் புளித்த மாவு வளர்க்கலாம். முழு கோதுமை மாவு 50 கிராம், தண்ணீர் 50 மில்லி கலந்து பாட்டிலில் வையுங்கள். தினமும் பாதியை எடுத்துவிட்டு அதே அளவு புது மாவும் தண்ணீரும் சேருங்கள். சீக்கிரம் வரட்டும் என்று சர்க்கரையோ தேனோ போடச் சொல்வார்கள், வேண்டாம். மாவிலேயே வாழப் பழகிய ஈஸ்ட்தான் நமக்கு வேண்டும்.

இரண்டாம் நாள் கொப்பளித்து ஏமாற்றும், அது வேறு கிருமிகளின் வேலை. மூன்றாம், நாலாம் நாள் செத்துப்போன மாதிரி இருக்கும், கொட்டிவிடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் மாவு போட்ட நாலைந்து மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காகி, மோர் வாசனையோடு நிற்கும். அன்றைக்கு அதில் 100 கிராம் எடுத்து, மேலே சொன்ன அளவில் ஈஸ்ட்டுக்குப் பதிலாகச் சேர்த்துப் பிசையுங்கள். முதல் முறை எழும்பவே நாலைந்து மணி நேரம் ஆகும். அது பொங்கி வரும்வரை பொறுத்திருங்கள்.